இருக்கையைப் பிரித்துப் பாருங்கள்

லோரன்ஸ் மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்குப் பிறகுதான். நல்ல மனிதர். அதனால் வந்த வினைதான் எல்லாம்.

அவரும் ஹெஸ்டர் அத்தையும் எங்கள் எதிர்வீட்டுக்கு வந்து இறங்கியபோது பெர்த்தில் மண்டை பிளக்கும் வெயில். மகள் அன்னெலி பல வருடம் கெஞ்சிக் கூத்தாடி, தென்னாப்பிரிக்காவில் கரூ பொட்டல்வெளியில் இருந்த அப்பா அம்மாவை ஒருவழியாக இங்கே வரவழைத்திருந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். நான் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. முக்கில் உப்புக்கண்டமும் ரஸ்க்கும் விற்கிற கடை என்னுடையது. புதிதாக யார் வந்தாலும் சீக்கிரமே என் கடைக்கு வந்துவிடுவார்கள். மாமா மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். ஆனால் அவர் கேட்டது உப்புக்கண்டம் இல்லை.

"கமலா ஆரஞ்சு கிடைக்குமாம்மா? விதை உள்ளதா வேணும்."

"விதை இல்லாததுதான் எல்லாரும் கேப்பாங்க. உங்களுக்கு எதுக்கு மாமா விதை?"

"எனக்கில்லம்மா. ஹெஸ்டிக்கு."

அத்தைக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. மகளை ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. கட்டின கணவரைச் சுத்தமாகத் தெரியாது. வீட்டுக்குள் அவரைப் பார்த்தால் மரியாதையாக எழுந்து நிற்பாள். "உக்காருங்க சார், எங்க வீட்டுக்காரர் இப்ப வந்திருவாரு" என்பாள். இவரும் உட்காருவார். வேறு என்ன செய்வார்?

"காருக்குள்ள மட்டும் என்னைத் தெரியும்மா," என்றார் மாமா.

அது ஒரு பழைய பென்ஸ். கல்யாணம் ஆன புதிதில் வாங்கியது. அதன் நிறம் பால் ஆடை மாதிரி இருக்கும் என்றார். அவர்கள் பிள்ளை பெறப் போனதும் அதில்தான், நாயை வைத்தியரிடம் கொண்டுபோனதும் அதில்தான். ஆட்டு ரோமத்தின் பிசுக்கு, நாய், மாமா சுங்கான் குழாயில் பிடிக்கிற புகையிலை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்ந்து அதற்குள் ஒரு வாடை. சாயங்காலம் ஆனால் அத்தை கைப்பையைத் தூக்கிக்கொண்டு "நான் வீட்டுக்குப் போகணும்" என்று அழ ஆரம்பிப்பாள். மாமா அவளைக் காரில் உட்கார வைத்து, கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுப்பார். மூக்கு நிறைய ஒரு மூச்சு இழுப்பாள். அவ்வளவுதான், முகமே மாறிவிடுமாம். "மெதுவா ஓட்டு லோரி, உனக்கு எப்பப் பார்த்தாலும் அவசரம்" என்பாளாம். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை அவருக்கு மனைவி இருப்பாள். இதைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மழை பெய்ததா என்று விசாரிக்கிற குரலில் சொன்னார். எங்கள் ஆண்கள் அப்படித்தான்.

"வண்டி வரலைன்னா நாங்களும் வரல" என்று மகளிடம் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார். அரசாங்க அனுமதி வாங்கி, ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் விடமாட்டார்கள் என்று பிரேக் கட்டைகளைக்கூட மாற்றி, அடிப்பாகத்தையும் எஞ்சினையும் கேப்டவுனில் கழுவிக் கப்பலேற்றியிருந்தார். உட்புறத்தை மட்டும் யாரையும் தொட விடவில்லை. வண்டி கப்பலேறுகிற அன்று வரை அத்தை அதில் உட்கார வேண்டியிருந்ததே.

கப்பல் வரும்வரை அந்தச் சாயங்காலங்கள் கொடுமை. அழுகை என் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். ஒருநாள் மனசு பொறுக்காமல் என் வேனில் அவளை ஏற்றிச் சுற்றிக் காட்டினேன். பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது "ரொம்ப நன்றிங்க" என்றாள். மாமா வாசலில் நின்று, "கப்பல் வந்துட்டிருக்கு ஹெஸ்டி" என்றார்.

"எந்தக் கப்பல் சார்?" என்றாள்.

மாமா என்ன உத்தியோகம் பார்த்தவர் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் புரியாது. ஆட்டு மந்தைகளைச் சோதிக்கிற அரசு ஆய்வாளர். சொறியோ உண்ணியோ ஒரு ஆட்டில் இருந்தால் போதும், மொத்த மந்தையையும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை அப்படித் திரும்பிப் போனது அத்தையின் சொந்த அண்ணன் யூரியின் மந்தை. சந்தைக்குப் போகிற வழியில், சோதனைச் சாவடி கேட்டருகே, ஊரே பார்க்க. குடும்பமே பேச்சை நிறுத்தியது. அத்தையும்தான். பிறகு ஒரு சாயங்காலம் காரில் ஆரஞ்சு தின்றுகொண்டே, "நீ செஞ்சது சரிதான். ஆனா நான் கோபமாத்தான் இருப்பேன்" என்றாளாம். இதை என்னிடம் சொன்னபோது மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யாரோ மாலை போட்ட மாதிரி இருந்தார்.

இன்னொன்றும் சொன்னார். காரின் ஜன்னல் வழியாக விதையைத் துப்பக் கூடாது என்பது அவருடைய சட்டம். கண்ட இடத்தில் கண்டது முளைக்கும், நோய் பரவும் என்பார். அத்தை என்ன செய்வாள்? அவரைக் கடுப்பேற்றுவதற்காகவே ஒவ்வொரு விதையையும் இருக்கையின் தையல் இடுக்கில் விரலால் அழுத்திச் செருகிவிடுவாள். "பத்திரமா வச்சிருக்கேன் ஆபீசர்" என்பாளாம்.

வண்டி ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. சோதனை நடக்கிற யார்டுக்கு என் வேனில்தான் போனோம். வெளிநாட்டு மண்ணோ விதையோ பூச்சியோ உள்ளே வராமல் பார்க்கிற குவாரண்டைன் அதிகாரி, பிரயோனி என்று ஒரு சின்னப் பெண். இந்த ஊரில் பேத்தி வயதுப் பெண்ணும் கிழவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

"லோரன்ஸ், இதுக்குள்ள ஒரு ஆட்டுப்பண்ணையே ஓடுது போலிருக்கே!"

கால்விரிப்பின் அடியில் முள், ரோமம், நாய்முடி, உப்புக்கண்டத் தூள், செம்மண். மாமா காது வரை சிவந்துபோனார். எத்தனை பேரை இப்படி நிற்க வைத்த மனிதர்! விரிப்புகளைக் கழற்றி எறிந்து, உறிஞ்சு இயந்திரம் போட்டு, நீராவி அடித்துவிட்டு மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னாள்.

இரண்டாம் முறை போனபோது எனக்குத் திக்திக்கென்றிருந்தது. கதவு திறந்திருந்தது. மூக்கை உள்ளே நீட்டிப் பார்த்தேன். இருந்தது! சோப்பு வாசனைக்குக் கீழே, இருக்கைக்குள்ளிருந்து, அதே ஆடு, அதே புகையிலை, அதே ஆரஞ்சு.

"மாமா, போகல! அப்படியே இருக்கு!" என்று எங்கள் மொழியில் கத்தினேன். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிரயோனி எல்லா இடுக்கிலும் டார்ச் அடித்தாள். மூலைகளைத் துடைத்துப் பார்த்தாள். திருப்தியாக விளக்கை அணைத்தாள்.

"அவ்வளவுதான். எடுத்துட்டுப் போகலாம். எனக்குத் தெரிய வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"

கிளம்புகிற நேரத்தில் வாய்வார்த்தைக்குக் கேட்பது அது. இல்லை என்று சொல்லவேண்டியதுகூட இல்லை, தலையாட்டினால் போதும். மாமா தலையாட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் காலை மிதித்தேன்.

"வாங்க மாமா, போகலாம்."

"இருக்கையைப் பிரிச்சுப் பாருங்க," என்றார் அவளிடம்.

"என்னது?"

"உள்ள விதை இருக்கு. ஆரஞ்சு விதை. என் மனைவி தையல்ல சொருகுவா. ரொம்ப வருஷமா."

பிரயோனி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவளுக்கும் அதைக் கேட்டிருக்க விருப்பமில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் காதில் விழுந்துவிட்டதே.

பிரித்தார்கள். பழைய காலத்து இருக்கை, உள்ளே தென்னை நாரும் குதிரை முடியும். அதற்குள் விதை விதையாக, காய்ந்து வெளுத்து, அள்ள அள்ள வந்தது. நடுவே உயிருள்ள சின்ன வண்டுகள் ஓடின. அதற்குமேல் யாரும் எதுவும் செய்ய முடியாது. திணிப்பு மொத்தமும் எரியூட்டப் போக வேண்டும், மேலுறையும் போக வேண்டும், வண்டிக்குப் புகைமருந்து போட வேண்டும், புதிய நுரைப்பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும்.

"ஒரு பிடி நார் மட்டும் குடும்மா," என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டேன். "நல்லாக் கொதிக்க வச்சுக் குடு. அந்த அம்மாவுக்கு அதுதான் புருஷன்."

அவள் கண் கலங்கிவிட்டது. மாமா குறுக்கே வந்தார்.

"கேக்காத ரீனா. அந்தப் பொண்ணைத் தப்புப் பண்ண வைக்காத."

எல்லாவற்றையும் மஞ்சள் பைகளில் அடைத்துக் கட்டினார்கள். பைகளை அவர்கள் லாரியில் ஏற்றும்போது மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழி முழுக்க நான் கரித்துக்கொட்டினேன். மனுஷனா நீங்க, உங்க நேர்மையைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க, இந்த நாட்டுக்காரனுக்கு அந்த விதையால என்ன குடிமுழுகிப் போச்சு என்றெல்லாம் கேட்டேன். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"யூரியோட மந்தையைத் திருப்பி அனுப்பினவன் நான். என் வண்டின்னா மட்டும் வாயை மூடிக்கிட்டா, ஹெஸ்டி என்ன நினைப்பா?"

"அத்தைக்கு யூரியையே ஞாபகம் இல்ல மாமா!"

"எனக்கு இருக்கேம்மா."

அழுதுகொண்டே ஓட்டினேன். அவர்தான் என்னைத் தேற்றினார். வாசனை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிடும் என்றார். என்னைவிட அவரே அதை அதிகம் நம்பினார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் முழுக்கக் கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சுங்கான் பிடித்தார். நான் உப்புக்கண்டம் ஒரு பொட்டலம் கொண்டுபோய் இருக்கைக்கு அடியில் வைத்தேன். ஆரஞ்சுத் தோலைக் கசக்கிக் கதவெல்லாம் தேய்த்தோம். பக்கத்து வீட்டு நாயைக்கூடக் கூப்பிட்டு ஏற்றினோம். அது ஏறிய வேகத்தில் குதித்து ஓடிவிட்டது. மருந்து நெடி அப்படி.

சாயங்காலம் அத்தை கைப்பையைத் தூக்கிக்கொண்டாள். அன்னெலி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே, அவர்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியைக் கண்டதும் அத்தையின் நடை கொஞ்சம் வேகமான மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். மூக்கு நிறைய மூச்சை இழுத்தாள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை இருக்கையைத் தடவிப் பார்த்தாள்.

"புது வண்டிங்களா சார்?"

"ஹெஸ்டி. நம்ம வண்டிம்மா."

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா ஒரே நாத்தம்!" கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிடலாம்."

மாமா ஆரஞ்சை உரித்து அவள் கையில் வைத்தார். ஒரு சுளையை வாயில் போட்டாள். நாக்கால் துழாவினாள். அவள் விரல் தானாக இருக்கையின் தையலுக்குப் போய் அங்கேயே நின்றது. செருகுவதற்கு ஒன்றும் இல்லை.

"விதையே இல்லையே," என்றாள்.

மாமா ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மாமாவின் குரல் கேட்டது.

"எங்கம்மா போகணும் நீங்க?"

அதுவரை ஒருநாள்கூட அவர் அவளை அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் அவள் எத்தனை சார் போட்டாலும் அவர் ஹெஸ்டி என்றுதான் கூப்பிட்டார், நீ என்றுதான் பேசினார். நான் கேட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"வீட்டுக்குத்தான் சார். அவரு காத்துட்டிருப்பாரு."

"சரிங்கம்மா," என்று வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். சாயங்காலம் ஆனால் மாமா டாக்ஸிக்காரர். வாசனை திரும்பவில்லை. அத்தை அழுவது மட்டும் குறைந்தது. வழி முழுக்க டிரைவரிடம் தன் கணவரைப் பற்றியே பேசுவாளாம்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் மாமா கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கடையில் உட்கார்ந்ததே கிடையாது.

"நேத்து யூரியைப் பத்திச் சொன்னா ரீனா."

"யாரு, அத்தையா?"

"ஆமா. மந்தையைத் திருப்பினதை அப்படியே சொன்னா. எங்க வீட்டுக்காரர் சொந்தக்காரன்னுகூடப் பார்க்கமாட்டாரு சார், அவரு செஞ்சது சரிதான் சார், நான்தான் வீம்புக்குப் பேசாம இருந்தேன்னு சொன்னா."

கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்ல? நல்ல மனுஷர் போலிருக்கேம்மான்னேன்." தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா சார், அவரை நீங்க ஒருநாள் பார்க்கணும்னு சொன்னா."

எழுந்து போகும்போது விதையுள்ள ஆரஞ்சு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். வரவில்லை என்றேன்.