மரமுந்திரிகைச் சூடு

மரமுந்திரிகைக் கொட்டை சுடும் மணம் எங்கிருந்து வந்தாலும் எழுந்து போய்விடுவேன். வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும். அந்தக் கொட்டைத் தோட்டில் கசியும் பால் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. இளம் வயதில், வாவிக்கரையில் இருந்த சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் மருந்து கட்டும் வேலை பார்த்தவன் நான்.

சீர்திருத்தம்! நல்லாய்த் திருத்தினோம். தேங்காய் களவெடுத்து உள்ளே வந்தவன், கூட்டம் சேர்த்து மண்டை உடைக்கப் பழகிக்கொண்டு வெளியே போவான். கூட்டத்தில் சேருகிறவன் முழங்கைக்கு மேலே அந்தப் பாலால் மூன்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தோல் பொங்கி உரிந்து கறுத்த தழும்பாக நிற்கும். சேராதவனுக்குச் சோறு கிடைக்காது, அடி கிடைக்கும். தலைவன் தன்னாமுனைப் பக்கத்துப் பையன். பிரம்படிக்கு அசையாதவன். அவனுடைய தம்பியும் அங்கேதான் இருந்தான். எல்லோரையும் இழுத்துச் சேர்த்தவன், தம்பியை மட்டும் கிட்ட அண்ட விடவில்லை.

ஒருநாள் காவலாள் ஒருவரை அவர்கள் அடித்துக் கையை முறித்துவிட்டார்கள். கோடு உள்ளவனெல்லாம் நாளைக்கு இங்கே இருக்கக்கூடாது என்று, பள்ளிக்குப் புதிதாய்ப் பொறுப்பேற்றிருந்த துரை உத்தரவிட்டார். மறுநாள் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு கையாக என்னைப் பார்க்கச் சொன்னார். தம்பியின் கையில் ஈரம் காயாத மூன்று கோடு. அண்ணனோடு போகவேண்டும் என்று இரவோடிரவாகத் தானே போட்டிருக்கிறான்.

அண்ணன் பாய்ந்து வந்து அவன் கன்னத்தில் அறைந்தான். இவன் யாரென்றே தனக்குத் தெரியாது, இது கஞ்சி ஊற்றுப்பட்ட சூடு என்றான். ஓம், கஞ்சிச் சூடுதான் என்று நானும் துரையிடம் சாதித்தேன். துரை நம்பித் திரும்புகிற நேரம் அந்தப் பிள்ளை வாய் திறந்தான்.

“பொய் ஐயா. நான்தான் சுட்டன். இது என்ட அண்ணன்.”

அதற்குமேல் யார் என்ன செய்ய? பதினெட்டு நிறைந்த அண்ணன் பெரியவர்களை அடைக்கும் கொழும்பு மறியலுக்கு, தம்பி வேறொரு பள்ளிக்கு என்று துரை தீர்த்துவிட்டார். ரயில் ஸ்டேசனில் வைத்துத்தான் பிரிப்பார்கள். தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. லொறியில் அண்ணன் தோளில் சாய்ந்து, வீங்கிய கன்னத்தோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கு முன் அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் முகத்தில் எதைக் கண்டானோ, அண்ணன் குனிந்து மெல்லச் சொன்னான்.

“சொல்லிராதீங்க ஐயா. ஸ்டேசன் போய்ச் சேரும் மட்டும் சந்தோசமா வரட்டும்.”

நான் சொல்லவில்லை. லொறி போய்விட்டது. ஸ்டேசனில் கையைப் பிரித்தபோது அந்தப் பிள்ளை எப்படிக் கத்தினானோ, நான் அங்கே இல்லை. ஆனாலும் இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது.