முன் தண்டு

என் உயரம் நாலு அடி பதினொரு அங்குலம். பதுளை நகரத்தில் ஒரு தையல் கடையில் அளவெடுக்கும் ஆள் நான் என்பதால், இதில் அரை அங்குலம்கூடக் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வராது. மற்ற ஆண்களுக்கு வருகிறது. கால்சட்டைக்கு அளவெடுக்க நாடாவைக் கணுக்காலுக்குக் கொண்டுபோகும்போதுதான், அதுவரை சும்மா நின்றவர் மெல்லக் குதிகாலை உயர்த்துவார்.

"காலைக் கீழ வைங்க சார். இப்படியே தைச்சா நீளமாயிரும்" என்பேன்.

வங்கி அதிகாரியும் அப்படித்தான், லொறி ஓட்டுபவரும் அப்படித்தான். ஐந்தே முக்கால் அடி இருப்பவருக்கும் அந்த ஆசை விட்டபாடில்லை.

ஆனால் குதிகாலை உயர்த்துகிறவர்களை யாரும் கேலி செய்வதில்லை. என்னைச் செய்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் நடத்துனர் "அரை டிக்கட்டா?" என்று சத்தமாகக் கேட்பார். நான் கேள்வி கேட்டால், பதில் என் தலைக்கு மேலே பின்னால் நிற்கும் வேறொருவருக்குப் போகும். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "மாப்பிள்ளை பின்னால வாறாரா?" என்று என்னிடமே விசாரித்தார்கள். இதெல்லாம் பழகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பழகவில்லை. திருப்பிச் சொல்லத்தான் பழகியிருக்கிறேன்.

திருப்பிச் சொல்லாமல் இருந்தது ஒரே இடத்தில். எங்கள் கோயிலில்.

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். மாரியம்மன் திருவிழாவில் அம்மன் கீழ் லயங்களுக்கெல்லாம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கெல்லாம், டிரக்டரில் வருவாள். மேல் லயங்களுக்கு டிரக்டர் ஏறாது. தேயிலைக்கு நடுவே செங்குத்தான கல்பாதை. அங்கே மட்டும் பல்லக்கு. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். முன் தண்டு பிடிப்பதுதான் மரியாதை. அந்த இருவரைத்தான் லயத்து வாசலில் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் கைபேசி வீடியோவில் பார்ப்பதும் அவர்களைத்தான். அதனால் வருஷா வருஷம் தோட்டத்திலேயே உயரமான இளைஞர்கள் இருவர் முன்னால் நிற்பார்கள். எனக்குச் சாம்பிராணிச் சட்டி. மீசை முளைக்காத வயதில் தந்தார்கள். மீசை நரைத்த பிறகும் அதேதான்.

சென்ற வருஷம் அந்த ஏற்றத்தில் பல்லக்கு பின்பக்கம் சாய்ந்தது. சாயாமல் என்ன செய்யும்? பாதையே முன்னால் உயர்கிறது, அதில் உயரமானவர்களையும் முன்னால் விட்டால் பாரம் முழுவதும் பின்னால் இருப்பவர்கள் மேல்தான் விழும். மாலை சரிந்தது. பின் தண்டு பிடித்தவர் முழங்கால் மடங்கி, நல்லவேளையாக விழாமல் சமாளித்தார். திட்டும் அவருக்கே கிடைத்தது.

இந்த வருஷக் கோயில் கூட்டத்தில் எழுந்து, முன் தண்டு எனக்கு வேண்டும் என்றேன். ஏற்றத்தில் குட்டையானவர்கள் முன்னால் போனால்தான் பல்லக்கு நேராக இருக்கும் என்று காரணமும் சொன்னேன்.

கோயில் கமிட்டித் தலைவர் சிரிப்பை அடக்கவில்லை. "தம்பி, நீங்க முன்னுக்குப் போனா அம்மன் தானா நடந்து வர்ற மாதிரி இருக்கும். தூக்குற ஆளே தெரியாது."

கூட்டம் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். "தெரிய வேண்டியது அம்மனா, தூக்குறவங்களா தலைவரே?"

"சரி, பக்கத்துல உங்க உயரத்துக்கு யாரு?" என்றார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் தம்பியைக் காட்டினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மூட்டை தூக்குகிறவன். தோளில் குறையில்லை. உயரத்தில் என்னைவிட ஒரு விரல் கூடுதல், அவ்வளவுதான். டவுனுக்கு வந்தால் தடித்த குதி வைத்த செருப்பு போடுவான்.

"என்னைய ஏன் மாமா இழுத்து விடுறீங்க?" என்று வெளியே வந்ததும் கோபித்துக்கொண்டான். "ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் சிரிக்கலையா மச்சான்?"

திருவிழா அன்று கோயில் வாசலில் அந்தச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டோம். வழக்கமாக முன்னால் நிற்கும் இருவரும் பின் தண்டுக்குப் போனார்கள்.

"அண்ணே, பாத்து! தேயிலைக்குள்ள காணாமப் போயிறாதீங்க!" என்றான் அவர்களில் ஒருவன்.

"பின்னுக்கு நீ இருக்கியே தம்பி. தேடிப் புடிச்சிருவ."

தப்பு மேளம் முழங்க ஏறினோம். பல்லக்கு நேராக வந்தது. மாலை அசைந்ததே தவிரச் சரியவில்லை. பின்னால் கேலி நின்று, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மேலே லயத்து வாசல் சமதளம். அங்கே கால் வைத்ததும் பல்லக்கு முன்பக்கம் தாழ்ந்தது. பாரம் எங்கள் பக்கம் இறங்கியது. பெண்கள் தட்டும் விளக்குமாக வரிசையாக நின்றார்கள். ஒரு பையன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். உயரமான வேறு இரண்டு பேர் துண்டோடு தயாராக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"போதும் தம்பி, மாத்துங்க. வாசல்ல எடுப்பாப் போகணும்" என்றார் தலைவர்.

மச்சான் தண்டிலிருந்து தோளை எடுக்கப் போனான். நான் சொன்ன காரணப்படி பார்த்தால் தலைவர் சொன்னது சரி. ஏற்றம் முடிந்துவிட்டது. ஆனால் இவ்வளவு காலம் முன்னால் நின்றவர்கள் யாரும் எந்தக் காரணமும் சொல்லி அங்கே நிற்கவில்லை. ஏற்றத்துக்கு நான், வாசலுக்கு அவர்கள் என்றால், கையில் சாம்பிராணிச் சட்டி இல்லையே தவிர வேறென்ன மாறியது?

"நில்லு மச்சான்" என்றேன். "நாங்க எறங்கல தலைவரே."

"அம்மன் சாயுறா தம்பி."

"போன வருஷம் பின்னுக்குச் சாஞ்சா. அப்ப யாரையும் மாத்தச் சொல்லலையே."

தப்பு நிற்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார், கைபேசிப் பையனைப் பார்த்தார், பிறகு கையை வீசி நடக்கச் சொன்னார். மச்சானின் தோள் தண்டுக்கே திரும்பி வந்தது.

இரண்டு எட்டு வைத்ததும் பல்லக்கு நிமிர்வதை உணர்ந்தேன். பின்னால் இருந்த இருவரும் முழங்காலை மடக்கி, எங்கள் உயரத்துக்கு இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இடுப்பு போச்சு அண்ணே" என்று முனகல் கேட்டது.

"ஒனக்கு இன்னைக்கு மட்டும்தான் தம்பி. நட."

வாசல் முழுவதும் அப்படியே நடந்தோம். எந்த லயத்திலும் தண்டு மாறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சாய்ஞ்சப்பவும் அம்மன் முகம் எங்களுக்கு நல்லாத்தான் தெரிஞ்சுச்சு" என்றாள். அன்பாகச் சொன்னாள். ஆனாலும் அந்தச் சமாதானத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. முகம் தெரியாமல் போயிருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன்.

அதற்கு முன்பே, ஊர்வலம் முடிந்து கோயில் வாசலுக்குத் திரும்பியதும், மச்சான் அந்தத் தடித்த செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தான். அது அவன் கால், அவன் விருப்பம்.

சாம்பிராணிச் சட்டிக்கு அடுத்த வருஷம் வேறு ஆள் பார்க்கச் சொல்லித் தலைவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.