சாமியாருக்கு என்ன தீவனம்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கீபோர்டு ஒன்று கையில் அகப்பட்டது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். முறுக்குத் தூள் உதிர்ந்தது, கொஞ்சம் எள்ளும் விழுந்தது. கூடவே ஒரு தைல வாசம். இத்தனை வருடம் கழித்து அது நிஜமாகவே வீசியதா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். அது என் மாமனாரின் வாசம். முறுக்கும் அவருடையதுதான்.

நான் அப்போது கல்யாணமாகி முதலமடைக்கு வந்த புதிது. வண்டிப்பெரியாறு தேயிலை எஸ்டேட்டில், வருடத்தில் பாதி நாள் ஸ்வெட்டரைக் கழற்றாமல் வளர்ந்தவள் நான். இங்கே வெயில், புழுதி, கண்ணுக்கெட்டிய வரை மாந்தோப்பு. அதையெல்லாம் சமாளித்துவிட்டேன். தமிழைத்தான் சமாளிக்க முடியவில்லை. எங்கள் தமிழ் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தது. இவர்களுடையது கோயமுத்தூர்த் தமிழ். வந்த புதிதில் ஒருநாள் மாமனார், "காப்பி வெசையா வரட்டுமுங்க" என்றார். நான் அடுக்களைக்குப் போய், "விஜயாங்கிறது யாரு அத்தை, அவங்கதான் காப்பி கொண்டுவரணுமாம்" என்றேன். வெசையா என்றால் வேகமாக என்று அத்தை சிரித்து முடித்த பிறகு சொன்னார். அதற்கப்புறம் நான் பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்போன் மாட்டி, வெளிநாட்டு டாக்டர்கள் முணுமுணுப்பதைத் தட்டச்சு செய்ய வேண்டும். மதியத்தோடு முடிந்துவிடும். பிறகு ராட்சசர்களோடு சண்டை போடும் ஆன்லைன் விளையாட்டு. என் பள்ளித் தோழி செல்வி வண்டிப்பெரியாறில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அங்கிருந்து அவள் வைத்தியச்சியாக வருவாள். இங்கிருந்து நான் துறவியாகப் போவேன். எத்தனையோ வீரர்கள் இருக்க நான் ஏன் துறவியை எடுத்தேன் என்றால், அவருக்குக் கவசம் கிடையாது, வாள் கிடையாது, ஒரு காவித்துணியும் வெறுங்கையும்தான். விசேஷத்துக்கு விசேஷம் நகையை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்திருந்த புதுப்பெண்ணுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அந்த மாங்காய் சீசனின் தொடக்கத்தில் மாமனார் தோப்பிலிருந்து வரும் வழியில் மொபெட் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாமா நடக்கவில்லை. மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம், ஆனால் வாயால் சொல்லமாட்டார். நடப்பதற்காக வாங்கிய வாக்கரில் துண்டு காயப்போட்டார். அத்தை அழுதார். என் கணவர் கத்தினார். மாமா விட்டத்தைப் பார்த்தார்.

வீட்டில் ஏசி இருந்தது என் கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான். அதனால் அவருடைய நாற்காலி அங்கே வந்தது. சில நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, சாமியாருக்கு எதுக்குங்க அடிதடி?"

"ராட்சசங்கள அடிக்கணும் மாமா. வெறுங்கையாலதான் அடிப்பாரு."

"கையில ஒரு தடி கூட இல்லீங்களா?"

"இல்ல மாமா. ஒவ்வொரு படி ஏறுறப்பவும் அவருக்கு ஒரு ஃபீட் எடுக்கலாம்."

"தீவனங்களா?"

மாட்டுத் தீவனத்தை ஊரில் ஃபீட் என்றும் சொல்வார்கள். இது அந்த ஃபீட் அல்ல, இங்கிலீஷில் சண்டையில் காட்டும் தனித்திறமைக்கும் அப்படித்தான் பெயர் என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரீங்க, இப்ப என்ன தீவனம் வெக்கறீங்க?" என்றார். கடைசிவரை அது தீவனம்தான்.

ஒரே குத்தில் எதிரியைத் திகைத்து நிற்க வைக்கும் திறமை ஒன்று உண்டு. துறவிக்கு அதுதான் உயிர். இன்னொன்று, விழுந்த மறு விநாடியே எழுந்து நிற்பது. அதை யாரும் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தால் மாற்றவும் முடியாது. மாமா திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு அந்த இரண்டாவதைக் காட்டினார்.

"விழுந்தா எந்திரிக்கோணுமில்லீங்க?"

எனக்குச் சட்டென்று ஒரு குயுக்தி தோன்றியது. "எடுக்கிறேன் மாமா. நீங்க வாக்கரப் பிடிச்சு மாட்டுக்கொட்டாய் வரைக்கும் நடந்தீங்கன்னா."

மாமா மாங்காய் வியாபாரம் பேசிப் பழகியவர். "கொட்டாய் தொலைவுங்க. வாசப்படி வரைக்கும் வெச்சுக்கலாம்" என்றார். பேரம் கிணற்றடியில் முடிந்தது. சந்தையில் செய்வதுபோல் கைமேல் துண்டைப் போட்டு, அதன் கீழே விரலைப் பிடித்து விலை பேசவில்லை, அது ஒன்றுதான் குறை. அவர் கிணற்றடி வரை போய்த் திரும்பும்வரை அத்தை வாசப்படியிலேயே நின்று பார்த்தார்.

அப்படியே தொடர்ந்தது. மாட்டுக்கொட்டகைக்கு, வரும் அடியிலிருந்து விலகும் திறமை. மோட்டார் ரூமுக்கு, பின்பக்கமாகக் குதிக்கும் திறமை. எங்கள் சாமியார் அடி வாங்காமல் தப்புவதில் மன்னராகிவிட்டார். அடிக்க மட்டும் தெரியாது. செல்வி போனில் கொதித்தாள்.

"ஏண்டி, ஓடுறதுக்கும் ஒளியுறதுக்கும் எதுக்குடி சாமியாரு? குத்துறத எடுடி."

"அடுத்த தடவ எடுக்கிறேன்" என்றேன். அடுத்த தடவை தோப்பு வாசல் வரைக்கும் பேரம் படிந்துவிட்டது.

கடைசியில் கல் ராட்சசனோடு பெரிய சண்டை. எங்கள் குழுவில் முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். ராட்சசன் ஓங்கினான், சாமியார் விலகினார். மறுபடி ஓங்கினான், குதித்தார். எப்போதாவது பட்டு விழுந்தார், உடனே எழுந்தார். திருப்பி அவர் குத்தியதை ராட்சசன் கவனித்ததாகவே தெரியவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செத்து விழுந்தார்கள், செல்வி உட்பட. அத்தனை பிணங்களுக்கு நடுவே சாமியார் மட்டும் நின்று நிதானமாகத் தப்பித்துக்கொண்டிருந்தார். அத்தை காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் சண்டை அப்படியே இருந்தது. "பொழைக்கத் தெரிஞ்சவருங்க" என்றார் மாமா. செத்தவர்கள் எங்களைக் குழுவை விட்டு நீக்கினார்கள். செல்வி ஒரு வாரம் போனை எடுக்கவில்லை.

அந்த வாரமே மாமா தோப்புக்கு நடந்து போனார். வாக்கர் இல்லை, கைத்தடி மட்டும். திரும்பி வந்து, காலில் செம்மண்ணோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சொன்னேன், "உங்க தீவனத்தால சாமியாரு ஒண்ணுக்கும் ஆகாமப் போயிட்டாரு மாமா."

"அந்தக் குத்துதான் நல்லதுன்னு எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி."

"அப்புறம் ஏன் மாமா?"

"குத்தற சாமியாரு சுருக்கா செயிச்சுப்போடுவாரு. நீங்களும் பெட்டிய அணைச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. இந்த ஊட்டுல எங்கூட வேற ஆருங்க உக்காந்து பேசறாங்க?"

நான்தான் அவரைத் தந்திரமாக நடக்க வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். நானும் அந்த வீட்டில் வேறு யாரோடும் உட்கார்ந்து அவ்வளவு பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அதன் பிறகும் சில வருடம், ஜெயிக்கவே முடியாத அந்தச் சாமியாரை வைத்துக்கொண்டு மதியங்களில் ஊர் சுற்றினோம். பிறகு விளையாட்டையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கடைசி நாளன்று விளையாட்டுக்குள் இருந்த ஊரின் நடுவில் எல்லோரும் கூடினார்கள். செல்வியும் வந்திருந்தாள். சாமியாரை அவள் பக்கத்தில் நிறுத்தினேன். சொன்ன நேரத்தில் திரை கறுத்தது.

"சாமியாரு எங்கீங்க போவாரு?" என்றார் மாமா.

"எங்கயும் போகமாட்டாரு மாமா. அவ்வளவுதான்."

"விலகத் தெரியும், குதிக்கத் தெரியும். கரண்டையே நிறுத்திப்போட்டா பாவம், அவரு என்னங்க பண்ணுவாரு" என்றார்.

அடுத்த சீசன் மாங்காய் இறங்குவதற்கு முன்பே மாமாவும் போய்விட்டார். செல்வி கடையை விற்றுவிட்டு, கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அந்த அறையில் இப்போது மாம்பழப் பெட்டி அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். மதியத்தில் அங்கே பேச்சுக்குரல் எதுவும் கேட்பதில்லை.