பேச்சிச்செல்வியின் ஏழாம் மாதம்

வயிற்றில் பிள்ளை தங்கியது உறுதியான அன்று மாலையே பேச்சிச்செல்விக்கு அந்த வீட்டில் ஒரு பெயர் வந்துவிட்டது. அதுவரை ஆறு வருடங்களாக மாமியார் இசக்கித்தாய் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நேரில் "ஏளா" என்பாள். மற்றவர்களிடம் பேசும்போது "அவ" என்பாள். இப்போது சமையலறையிலிருந்து, "பேச்சிம்மா, பால் ஆறுது, எடுத்துக் குடி" என்று குரல் வந்தது. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு எழுந்து போய்க் குடித்தாள். பால் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடமும் இந்த வீட்டில் பால் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவள் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. தாமிரபரணித் தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம். அப்பா ஆறுமுகநயினார் அதிகம் பேசமாட்டார், அவளும் அப்படித்தான். நாசரேத்தில் பி.காம். முடித்து, கல்யாணத்துக்கு முன்பே தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடை வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். லாரி மேடையில் ஏறி நிற்கும், கம்ப்யூட்டரில் எடை விழும், அவள் சீட்டு அடித்துக் கொடுப்பாள். கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள், மிரட்டுகிறவர்கள், "தங்கச்சி" என்று குழைகிறவர்கள் என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் அந்த ஜன்னலில் வந்து நிற்பார்கள். யாருக்காகவும் அவள் ஒரு கிலோ மாற்றியதில்லை. குழைகிற முகத்தைக் கண்டால்தான் அவளுக்கு அதிகம் எரிச்சல் வரும். இப்போது அப்படிப்பட்ட முகம் வீட்டிலேயே இரண்டு இருந்தன.

இரண்டாவது முகம் புருஷன் செந்தூர்வேலுடையது. ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டாலி கிளார்க்; கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டையை எண்ணிக் குறிக்கிற வேலை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். தெருவில் எல்லோரும் அவனை நல்ல பையன் என்பார்கள். நல்ல பையனாக இருப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. கஷ்டமான இடம் ஒன்று வந்தால் அவன் அங்கே இருக்கமாட்டான், அவ்வளவுதான்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் இருவரும் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். சோதனையெல்லாம் முடிந்து டாக்டரம்மா காகிதத்தை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்துச் சொன்னார். பேச்சிச்செல்வியிடம் ஒரு கோளாறும் இல்லை. அவனுக்குத்தான் உயிரணு குறைவு. நரம்பு வீக்கம் இருக்கிறது, சின்ன ஆபரேஷன் செய்தால் தேறலாம். திரும்பி வருகிற பஸ்ஸில் வல்லநாடு தாண்டியதும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அம்மா தாங்கமாட்டாள் என்று கண் கலங்கச் சொன்னான். அவளுக்குப் பாவமாக இருந்தது. சரி என்றாள். குடலிறக்க ஆபரேஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். இசக்கித்தாய் ஒரு மாதம் அவனுக்குக் கஞ்சியும் குழம்புமாக வைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பாவம் எட்டு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. அவனுடைய சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. பெண்கள் வரிசையாகப் போய் வளையல் போட்டு, சந்தனம் பூசினார்கள். பேச்சிச்செல்வியும் இரண்டு வளையலை எடுத்துக்கொண்டு குனிந்தாள். மாமியார் பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "உனக்கு ஒண்ணு உண்டாகட்டும், அப்பொறம் அடுத்தவளுக்குப் போடலாம்." சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. எதிரே செந்தூர்வேல் போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்தான். போனைக் கீழே இறக்கினான். பந்திக்கு மோர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டான்.

அன்றைக்குப் பிறகு அவளுக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கு ஒரு ஆள் எதிரே நிற்க வேண்டுமே.

இப்போது அந்த ஆள்தான் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தான். ஆபீஸ் முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்தான். அறைக்கு நீலப் பெயிண்ட் அடித்தான், மகன்தான் என்று யாரோ சொன்னதுபோல. கதவில் குண்டுக் குழந்தை ஸ்டிக்கர். போனில் ஒரு ஆப் இறக்கிவைத்துக்கொண்டு, இந்த வாரம் பிள்ளை எலுமிச்சம்பழம் அளவு, இந்த வாரம் மாங்காய் அளவு என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் படித்துக் காட்டினான். ஒருநாள் கூட வேலை பார்க்கும் செல்வதுரை மனைவியோடு வந்திருந்தபோது, "எவ்வளவோ அலைஞ்சோம், இவளுக்கு ட்ரீட்மென்ட் பாத்து ஒரு வழியா சாதிச்சிட்டோம்" என்றான். செல்வதுரையின் மனைவி இவளை இரக்கத்தோடு பார்த்தாள். பேச்சிச்செல்வி காப்பித் தம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காப்பியில் சீனி போதாது என்றான்.

இசக்கித்தாய்க்குத் தன் நேர்ச்சைதான் பலித்தது என்று நினைப்பு. திருச்செந்தூருக்கு நடந்ததையும் எட்டு வாரம் எண்ணெய் விளக்குப் போட்டதையும் வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் பிள்ளையை அவளே சுமப்பதுபோல் ஆகிவிட்டது. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய் எல்லாம் வாங்கி டப்பாவில் அடைத்தாள். பிள்ளைக்குத் தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை தைக்க வேண்டும் என்றாள். அதைத் தைத்தவள் அடுத்த வீட்டு ஜெஸ்மி.

ஜெஸ்மி தையல்காரி. அவள் புருஷன் பிரைட்டன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் கரு தங்குவதற்காகப் பேச்சிச்செல்வி பாளையங்கோட்டைக்கு ஊசி போடப் போன நாட்களில் பாதி நாள் செந்தூர்வேலுக்குக் கப்பல் வந்துவிடும். கூடவே வந்தது ஜெஸ்மிதான். தலையணையை அவள் மெல்லிய வாயல் துணியில், ஒரு கடுகுகூடச் சிந்தாதபடி இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுவந்தாள். இசக்கித்தாய் அதை வாங்கி நாலு தடவை புரட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். அதே வாயால்தான் மறுவாரம், ஏழாம் மாத வளைகாப்புக்கு யார் யாரை அழைப்பது என்று பேச்சு வந்தபோது, ஜெஸ்மிக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். சாப்பாட்டை வேண்டுமானால் டிபன் கேரியரில் கொடுத்துவிடலாமாம்.

அன்று மத்தியானம் வீட்டில் அவர்கள் இருவர்தான். இசக்கித்தாய் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வெளுத்துக் காய்ந்த பழைய வேட்டிகளைப் பிள்ளைத்துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பேச்சிச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மூன்று வருடம் அடக்கிவைத்ததைச் சொல்லிவிடுவது என்று அவள் காலையிலேயே முடிவு பண்ணியிருந்தாள். கிழவி துடித்துப்போவாள், அழுவாள், ஒருவேளை மன்னிப்புக்கூடக் கேட்பாள் என்று நினைத்திருந்தாள்.

"அத்தே, குறை எங்கிட்ட இல்ல. அவுகளுக்குத்தான் இருந்துச்சு. அது குடலிறக்க ஆப்பரேசன் இல்ல."

இசக்கித்தாய் கையில் இருந்த துணியைக் கடைசி வரைக்கும் கிழித்தாள்.

"தெரியும்" என்றாள்.

பேச்சிச்செல்விக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரிலேருந்து வந்த மறுநாளு. சட்டைப் பையில சீட்டு இருந்துச்சு. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதாக்கும்? அவங்கிட்டயே கேட்டேன். மடியில படுத்து அழுதான் புள்ள."

"பெறகு எதுக்கு என்னைச் சொன்னிய?"

"ஊரு கேக்குதுல்லா. யாராவது ஒருத்தர் மேல வைக்கணும். அவன் ஆம்பள, தாங்கமாட்டான். நீ தாங்குவ. இப்பந்தான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டே, இனி அதப்போயி எதுக்குக் கிண்டிக்கிட்டு?"

சொல்லிவிட்டு அடுத்த வேட்டியை எடுத்து உதறினாள். அந்த முகத்தில் வெட்கமோ பயமோ எதுவும் இல்லை. கடையில் கேட்ட சாமான் இருப்பில்லை என்று சொல்லுகிற முகம். பேச்சிச்செல்வி அதுவரை அவளை விவரம் தெரியாத கிழவி என்று எண்ணித்தான் பொறுத்திருந்தாள். அந்த ஒரு சலுகையும் அன்றோடு போயிற்று. அதைவிடப் பெரிதாக ஒன்று அவளுக்கு மெல்ல உறைத்தது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று கையைப் பிடித்துக் கெஞ்சினவன், அந்த அம்மாவுக்குத் தெரிந்த பிறகும் மூன்று வருடம் இவளை வாய்மூடி இருக்கவைத்தான். யாருக்குத் தெரியக்கூடாது என்று இவள் காத்தாளோ அவளும், யாருக்காகக் காத்தாளோ அவனும், இவள் முதுகுக்குப் பின்னால் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் அவன் தொட்டில் ஒன்றைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தான். அம்மாவுக்குத் தெரியும் என்பதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். அவன் பெட்டியின் டேப்பை உரித்துக்கொண்டே, உனக்குத் தெரிந்தால் கஷ்டப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தாள். அவன் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர் தேடப் போனான்.

வளைகாப்பு அன்று கூடம் நிறைய ஆட்கள். ஏழு வகைச் சாதம், தட்டுத் தட்டாகப் பூ, பழம். ஜெஸ்மியைப் பேச்சிச்செல்வியே முந்தின நாள் போய் அழைத்திருந்தாள். ஜெஸ்மி தயங்கினாள், கட்டாயம் வர வேண்டும் என்று இவள்தான் வற்புறுத்தினாள். வந்தவள் வாசல் பக்கமாக, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இசக்கித்தாய் முதல் வளையலை எடுத்துக்கொண்டு வந்தாள். பேச்சிச்செல்வி கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"மொத வளையல ஜெஸ்மி போடட்டும். இல்லைன்னா நான் எந்திச்சிருவேன்."

கர்ப்பிணியை மனம் நோகவிடக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இசக்கித்தாய்க்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவள் முகம் சுண்டியது ஒரு நொடிதான். உடனே பல் தெரியச் சிரித்து, "அதுக்கென்ன, வா தாயி ஜெஸ்மி, நீயும் என் மவ மாதிரிதான்" என்று அவள் தோளைத் தொட்டு அழைத்துவந்தாள். அத்தனை பேரும் நெகிழ்ந்துபோனார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று ஒருத்தி சொன்னது பேச்சிச்செல்வியின் காதில் விழுந்தது. செந்தூர்வேல் போட்டோ எடுத்தான். இந்த முறை போனை இறக்கவில்லை.

ஜெஸ்மி போட்ட கண்ணாடி வளையல் ஒன்று விரல் முட்டியில் மாட்டி உடைந்தது. கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். மற்றொன்றைப் போட்டுவிட்டு, சந்தனம் பூசி, சாப்பிடாமலே அவள் போய்விட்டாள்.

மறுநாள் பேச்சிச்செல்வி அவள் வீட்டுக்குப் போனாள். ஜெஸ்மி மிஷினை நிறுத்தவில்லை.

"அக்கா, ஒங்க சண்டைய நீங்க போட்டுட்டிய. அத்தன கண்ணும் எம்மேலதான் இருந்துச்சு. என்னைய ஒரு வார்த்த கேட்டியளா?"

அந்தக் கூடத்தில் இளக்காரமாகப் பார்க்க வேண்டியவர்களின் கணக்கில் தன்னையும் சேர்க்க வேண்டும் என்று பேச்சிச்செல்வி நினைத்திருக்கவில்லை. "கேக்கல, தப்புதான்" என்றாள். ஜெஸ்மி பிடித்த தையலை முடித்து மிஷினை நிறுத்தி, உட்காரச் சொன்னாள். இருவரும் வேறு எதையோ பேசினார்கள்.

பிரசவத்துக்கு ஆத்தூர் போனவள் பெண் பிள்ளை பெற்றாள். பார்க்க வந்த இசக்கித்தாய், மகாலட்சுமி வந்திருக்கிறாள் என்று சொன்னாள். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அரை மணி நேரத்தில் அவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டதாம், கிளம்பிவிட்டாள். பிள்ளைக்கு ஐந்து மாதமான பிறகும் பேச்சிச்செல்வி நீல அறை உள்ள வீட்டுக்குத் திரும்பவில்லை. முத்தையாபுரத்தில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்து, துணைக்கு அம்மாவை அழைத்துவந்து, வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூட்டை அரிசியைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

செந்தூர்வேல் முதலில் ஞாயிறுதோறும் வந்தான். பிறகு ஒருநாள் பையோடு வந்து நின்றான். அவள் வாசலிலேயே நிறுத்தி, யாருக்கு வைத்தியம் பார்த்தோம் என்பதை ஒரே ஒரு ஆளிடமாவது உள்ளபடி சொல்லிவிட்டு வரச் சொன்னாள். அவன் திரும்பிப் போனான். நாலாம் நாள் வந்து, செல்வதுரையிடம் சொல்லிவிட்டேன் என்றான். முகம் வேர்த்திருந்தது, அவள் நம்பி உள்ளே விட்டாள். ஒரு மாதம் கழித்து கடைத்தெருவில் செல்வதுரையின் மனைவியைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செந்தூர்வேல் சொன்னது என்னவோ உண்மைதான். தன்னுடைய சினேகிதன் ஒருவனுக்கு அப்படிக் குறை இருந்ததாகவும், பாவம் அவன் மனைவி மேல் பழி விழுந்ததாகவும் வெகு உருக்கமாகச் சொல்லியிருந்தான்.

பேச்சிச்செல்வி வீட்டுக்கு வந்தபோது அவன் குழாயடியில் பிள்ளைத்துணி அலசிக்கொண்டிருந்தான். அலசுவது மட்டும் அவனுக்கு ஒழுங்காக வந்தது. கேட்டதை அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான், அதை நின்று கேட்க வேண்டும். பிள்ளை பசிக்கு அழ ஆரம்பித்துவிட்டது. துணியை இன்னும் ஒரு தண்ணீர் அலசும்படி சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். "சரி" என்றான் அவன்.