என்மேல் பிரியமில்லாத ஒரு மெக்கானிக்

எங்கள் காருக்கு வாரண்டி முடிந்த அன்று கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து போனுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. எதற்கு வாழ்த்து என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விட்டபோது, அங்கே வரவேற்பில் நின்றவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மாற்றவேண்டிய சாமான்களைப் படிக்க ஆரம்பித்தார். வாரண்டி இருந்த காலமெல்லாம் "சூப்பர் கண்டிஷன் மேடம்" என்று சொன்ன அதே வாய்தான். நேற்றுவரை நன்றாக இருந்த வண்டிக்கு ஒரே ராத்திரியில் இத்தனை நோயா என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ராத்திரியில் நோயாளியான மனிதர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பாதி ஆயுளை மஸ்கட் வெயிலில் கழித்தவர். பிரஷர் மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைத்தால் விடுவார். ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்து, ஆசைப்பட்டு அந்தக் காரை வாங்கினார். ஷோரூமிலிருந்து வண்டி நேரே எங்கள் சபைக்குத்தான் போனது. போதகர் பானெட்டில் கைவைத்து ஜெபித்தார். இவர் தலை குனிந்து நின்றாலும் ஒரு கண்ணால் பெயின்டில் விரல் தடம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கொஞ்ச காலம்தான் ஓட்டினார். ஒருநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்யவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் இரணியலிலிருந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு முதலில் வாடகைக் காரில்தான் போய்வந்தோம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஆளுக்குத் தெம்பே இருக்காது. ஒருநாள் பின் சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பிறகு வேறொருவர் வண்டியில் ஏறமாட்டேன் என்று இவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அதனால் ஐம்பது வயதுக்கு மேல் நான் கார் ஓட்டப் படித்தேன். திங்கள்சந்தை நெரிசலில் எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பார்கள் என்று கணக்கில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, திருப்பித் திட்டினேன்.

ஆக அந்தக் கார் எங்களுக்கு வசதிக்காக இல்லை. அது நின்றால் இவர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதனால் வாரண்டி முடிந்ததும் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைத் தேடுவதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் வக்கீல், கொத்தனார், பல் டாக்டர் என்று யாரைத் தேடினாலும் முதல் கேள்வி, நம்ம சபையில் ஆள் இருக்கிறதா என்பதுதான். இருந்தால் அதோடு தேடல் முடிந்தது. வேலை தெரிந்த ஆளா என்று அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் சபையில் ஒரு மெக்கானிக் இருந்தார். என் வீட்டுக்காரரோடு வாலிபர் சங்கத்தில் ஒன்றாகப் பாட்டுப் பாடியவர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எடுப்பவரும் அவர்தான். வண்டியைக் கொண்டுபோனபோது, "அண்ணனுக்க வண்டி எனக்க வண்டியில்லா, விட்டுட்டுப் போங்கக்கா" என்றார். கேட்டதும் பாதிச் சுமை இறங்கியதுபோல் இருந்தது.

பார்வதிபுரம் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் சூடு காட்டும் முள் மேலே ஏறுவதைச் சொன்னேன். அவர் எதையோ திறந்தார், எதையோ ஊற்றினார். "ஒண்ணும் இல்லக்கா" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஏறியது. மறுபடியும் ஒண்ணும் இல்லை. சர்வீஸ் சென்டரில் அத்தனை நோயைக் கேட்டுவிட்டு வந்தவளுக்கு அந்த வார்த்தை தேன் மாதிரி இருந்தது. எனக்குப் பழகிய வார்த்தையும்கூட. ஒவ்வொரு தடவையும் டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது எப்படி இருந்தது என்று நான் கேட்பேன். "ஒண்ணும் இல்லட்டி, வண்டிய எடு" என்பார் இவர்.

ஒருநாள் மத்தியானம் திரும்பி வரும்போது சுங்கான்கடையில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம்கட்டினேன். நல்ல வெயில். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவர் வண்டியைத் தள்ளினார், ஓர் அம்மாள் குடை பிடித்தாள். எல்லாம் நல்ல மனிதர்கள்தான். அத்தனை நல்ல மனிதர்களுக்கு நடுவில் இவர் ரோட்டோரம் குந்தியிருந்து வாந்தி எடுத்தார். ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். அன்று சாயங்காலம், இனி நான் வரல்ல என்றார். எதுக்கு என்று கேட்டேன். வரல்ல, அவ்வளவுதான் என்றார். கூச்சப்பட்டுத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை என் தம்பி தன் காரைக் கொண்டுவந்து, கெஞ்சி, அதட்டி, கிட்டத்தட்ட தூக்கி உட்காரவைத்துக் கூட்டிப்போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை மெக்கானிக்கைக் கேட்பதற்கு நான் நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். ஆனால் அவர் காணிக்கைப் பையோடு எங்கள் பெஞ்சுக்கு வந்து நிற்கிறார். அந்த இடத்தில் என்ன கேட்க முடியும்? காணிக்கையைப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். என்ன பிரச்சினை என்று தெரியாமலா இத்தனை நாள் ஓட்டவிட்டாய் என்று கேட்டேன்.

"ரேடியேட்டர் போச்சுன்னு எனக்கு முதல்லயே தெரியும்க்கா" என்றார். "அண்ணனுக்கு அவ்வளவு செலவு போயிட்டுக் கெடக்கு. இதையும் எப்படி உங்ககிட்ட சொல்லியது? மனசு வரல்ல. அதான் ஓட்டைய அடைக்கியதுக்குப் பவுடர் போட்டு ஓட்டிட்டிருந்தேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். இந்த ஆளை என்ன செய்ய? எங்கள்மேல் இரக்கப்பட்டு எங்களை நடுரோட்டில் நிறுத்திய மனிதர். கோபம் வெளியே போக வழியில்லாமல் இரண்டு நாள் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பாத்திரங்கள்தான் பாவம். சுற்றியடித்து ஓய்ந்தபோது எனக்கு ஒன்று தெளிந்தது. என்மேல் கொஞ்சமும் பிரியமில்லாத ஒரு மெக்கானிக் வேண்டும்.

டயாலிசிஸ் வார்டில் அடுத்த கட்டிலுக்கு வரும் பெண்ணின் கணவர் தோவாளையில் பூ வியாபாரி. விடிவதற்கு முன் கேரளாவுக்குப் பூ அனுப்புகிறவர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டு, தன் வண்டிகளைப் பார்க்கும் ஆளைச் சொன்னார். நல்ல மனிதரா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்காண்டாம். வாய் கொள்ளாது, ஓயாம பீத்துவாரு" என்றார். "ஆனா பூ ஏத்துன வண்டி வழியில நின்னா பிச்சிப்பூ அழுகிப் போவும். எங்க வண்டி நின்னதில்ல."

தோவாளையில் மெயின் ரோட்டைவிட்டு உள்ளே ஒரு தகரக் கொட்டகை. நெற்றியில் நாமம் போட்ட, அறுபது வயதுக்குக் கிட்டே இருக்கும் மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வீடு எங்கே, யாருடைய மகள், எந்தச் சபை என்று எங்கள் ஊர் வழக்கப்படி வரும் மூன்று கேள்விகளுக்கு நான் பதிலோடு நின்றேன். ஒன்றுகூட வரவில்லை. முள் ஏறுவது மேட்டில் ஏறும்போதா, நெரிசலில் நிற்கும்போதா என்று மட்டும் கேட்டார். பானெட்டைத் திறந்ததும், இதில் பவுடர் போட்ட புண்ணியவான் யார் என்றார். நான் சபையைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வாய் கொள்ளாது என்று பூ வியாபாரி சொன்னது சரிதான். வேலை முடிகிறவரை தன் கைத்திறமையைத் தானே பாடிக்கொண்டிருந்தார். ரேடியேட்டரை மாற்றினார். அதோடு சேர்ந்த ரப்பர் குழாயைத் தட்டிப் பார்த்து, இதை மாற்றவேண்டாம், இன்னும் ரொம்ப நாள் ஓடும், நான் சொன்னால் சொன்னதுதான் என்றார். வேத்து ஆளிடம் அவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாயே என்று என் நாத்தனார் கேட்டாள். அதனால்தான் கொடுத்தேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

சில வாரங்கள் முள் நடுவிலேயே நின்றது. நானும் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒரு சாயங்காலம் தோவாளையிலிருந்து போன் வந்தது.

"யம்மா, நான் சொன்னது தப்பு" என்றார், எடுத்த எடுப்பிலேயே. "இன்னைக்கு இதே பவுடர் போட்ட வேற ஒரு வண்டி வந்துச்சு. அதுல அந்தக் குழாய் வெளிய பாத்தா நல்லா இருக்கு, உள்ள ஊறிப்போய்க் கெடக்கு. உங்க வண்டியிலயும் அப்படித்தான் இருக்கும். நான் கழத்திப் பாக்காம சொல்லிப்போட்டேன். நாளைக்கு வண்டிய எடுக்காண்டாம்."

சுங்கான்கடை வெயில் முழுக்க என் தலைக்கு ஏறியது. பெரிய மெக்கானிக் என்று பீற்றிக்கொண்டீரே, நாளைக்கு நான் வண்டி எடுக்காமல் எப்படி என்று ஆரம்பித்து, சபை மெக்கானிக்குக்கென்று எடுத்து வைத்திருந்த வார்த்தைகளையும் சேர்த்துத் தோவாளைக்காரர்மேல் கொட்டினேன். நான் மூச்சு வாங்கும்போது, காலையில் எப்போது கிளம்புவீர்கள் என்று மட்டும் அவர் கேட்டார்.

மறுநாள் மெக்கானிக் பூ வண்டிகளைச் சரிபார்த்து அனுப்பிவிட்டு, விடிகிற நேரத்துக்கு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். எங்கள் போர்ட்டிகோவிலேயே வேலையைத் தொடங்கினார். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து உள்ளே போய்விடுகிறவர் அன்று போகவில்லை. இவ்வளவு வெள்ளனே எங்கே கிளம்புகிறீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் இவரே, டயாலிசிஸுக்கு என்று சொன்னார். ஐயோ பாவம் என்ற முகத்தை எதிர்பார்த்து நான் அடுக்களை வாசலில் நின்றேன். அவர், அப்படியென்றால் நேற்றே வந்திருக்கவேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

கழற்றிய குழாயை இவர் கையில் வாங்கிப் பார்த்தார். விரலை உள்ளே விட்டால் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. வெளியே புதுசு மாதிரி இருந்தது.

"இது இன்னைக்குப் போயிருக்குமா?" என்று கேட்டார்.

"போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்" என்றார் மெக்கானிக். "எனக்குத் தெரியல்ல. அன்னைக்கும் தெரியாது. தெரியும்னு சொன்னேம்லா, அதாக்கும் தப்பு."

புதுக் குழாயை மாட்டி, வண்டியை ஓடவிட்டு முள்ளைப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அவ்வளவு திட்டியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பரசேரி தாண்டியதும் இவர், "ஏட்டி, ஒண்ணு சொல்லட்டா?" என்றார்.

டயாலிசிஸ் நடக்கும்போது பாதியில் இவருக்குப் பிரஷர் இறங்கிக் கண் இருட்டிவிடுகிறது. ஒரு தடவை இல்லை, பல தடவை. நர்ஸ்கள் காலைத் தூக்கிவைத்து, மருந்து ஏற்றி, ஆளை மீட்டுக் கொண்டுவருகிறார்கள். வீட்டுக்காரியிடம் சொல்லவேண்டாம், டாக்டரிடமும் பெரிசாகச் சொல்லவேண்டாம் என்று இவரே அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே பெஞ்சில் நான் மெக்கானிக்கைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோதெல்லாம் உள்ளே இது நடந்திருக்கிறது.

"உன்கிட்ட சொல்ல மனசு வரல்ல" என்றார். "அன்னைக்கு வரல்லன்னு சொன்னது கூச்சத்துனால இல்லட்டி. பயந்துட்டுத்தான். அந்தக் கட்டில்ல படுக்கும்போதெல்லாம் எனக்குப் பயமா இருக்கு."

சுங்கான்கடை வந்திருந்தது. முள் நடுவில்தான் நின்றது. நான்தான் ஓட்டமுடியாமல் ஓரம்கட்டினேன். அழுதுகொண்டே இவரை நன்றாகத் திட்டினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், உதவிக்கு வரவா என்று ஒருவர் சைகையில் கேட்டார். இவர் கண்ணாடியை இறக்கி, ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், "வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அவரை அனுப்பினார். எனக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று ஆஸ்பத்திரியில் இரண்டு பேருமாக டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இதை முதலிலேயே சொல்லவேண்டாமா என்று அவர் தன் பங்குக்குத் திட்டிவிட்டு, உடம்பிலிருந்து தண்ணீரை இன்னும் மெதுவாக எடுக்கும்படி நர்ஸிடம் சொன்னார். நோய் குறையாது, இந்த மயக்கம் குறையலாம் என்றார். இவர் உள்ளே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பூ வியாபாரி, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன்.

முடிந்து வெளியே வந்தபோது வழக்கம்போல எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல ஒருக்கா கண்ணு இருட்டிச்சுட்டி" என்றார். மற்றவர்களுக்குத் தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ, அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.