ஒழுக்கு நின்ற கார்

செல்லையா சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு மாலையில்தான். அந்தச் சிரிப்பு என் மகளைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோனது.

பந்தலூர் கடைவீதியில் எனக்கு மளிகைக்கடை. நூர் அகமது என்கிற என் கடையையும் எல்லோருக்கும் தெரியும், வாயையும் எல்லோருக்கும் தெரியும். சிலோனிலிருந்து இரு நாட்டு ஒப்பந்தத்தில் திரும்பிய குடும்பங்கள் மண்டபம் கேம்ப் வழியாக எங்கள் மலைக்கு வந்து இறங்கிய வருஷங்கள் அவை. செல்லையாவும் அவர் மனைவி வேலாயியும் அப்படி வந்தவர்கள்தான். அட்டன் பக்கத்து எஸ்டேட்டில் ஒர்க்‌ஷாப் ஃபிட்டராக இருந்த மனிதருக்கு இங்கே கிடைத்தது மண்வெட்டி. வாயைத் திறந்து பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து வேலாயி பேசுவாள்.

எஸ்டேட் ஷெட்டில் பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கார் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. பின்சீட்டில் கோழிகள் அடைகாத்தன. செல்லையா போய்க் கேட்டதும், சனியன் ஒழிந்தால் சரி என்று மேனேஜர் கொடுத்துவிட்டார். என் வீட்டை ஒட்டி அவர் குடியிருந்த லயத்து வரிசைவீட்டின் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இத வாடகைக்கு ஓட்டினா, நான் மறுபடி மண்வெட்டியத் தொட வேண்டியதில்ல பாய்" என்றார். அதுவரை அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

எஞ்சின் உயிர்பெற்றது. பிரேக்தான் காலை வாரியது. முன்சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடித்து நிறுத்துவதற்குக் கேலிப்பர் என்று ஒரு இரும்பு இருக்கிறது. பிரேக் ஆயில் வரும் குழாயை அதோடு ஒரு போல்ட் இணைக்கும். குழாய்முனைக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர். இடது சக்கரத்தில் அந்த இணைப்பு ஒழுகியது. செல்லையா வாஷரைக் கல்லில் தேய்த்து மட்டமாக்கினார். அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கினார். மறுபடி மாட்டி முடுக்கினார். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே போட்டிருந்த கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அன்றைக்குச் சோறு அப்படியே கிடக்கும்.

"கப்பல்ல ஏறின அன்னைக்கு இருண்ட முகம் பாய். இப்ப சாப்பாடும் இல்லன்னா மனுசன் எப்படி நிப்பாரு?" என்று வேலாயி என் கடையில் வந்து அழுவாள்.

பிறகு ஒரு மாலை செல்லையா கடைக்கே ஓடிவந்தார்.

"நின்னுருச்சு பாய். கோட்டுலயே நிக்குது. ஒரு சொட்டு இறங்கல."

பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அடுத்தடுத்த மாலைகளிலும் ஆயில் இறங்கவில்லை. முற்றத்துக்குள்ளேயே ஓட்டி மிதித்துப் பார்த்தார். கார் ஒழுங்காக நின்றது.

அந்த நாட்களில் வேலாயி என் கடையில் தேங்காயெண்ணெய் அடிக்கடி வாங்கினாள். தலையைப் பார்த்தால் பறட்டை. "வாங்குற எண்ணெயெல்லாம் குடிக்கிறியா புள்ள?" என்று கேலி செய்தேன். சிரித்து மழுப்பிவிட்டுப் போனாள். எனக்கும் உறைக்கவில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை என் மகள் ஜுலைகாவுக்குப் பிரசவ வலி கண்டது. தலைப்பிரசவம். பஸ் வர நேரமிருந்தது. நானும் என் மனைவி மரியம் பீவியும் அவளைக் கைத்தாங்கலாக லயத்துக்குக் கூட்டிப்போனோம்.

"ஏத்துங்க பாய். பிள்ளைய கூடலூர் ஆஸ்பத்திரில நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்றார் செல்லையா.

முதல் சவாரி என்பதால் வேலாயி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். தாயும் மகளும் பின்சீட்டில் ஏறினார்கள். நான் முற்றத்துக் கேட்டைத் திறக்க முன்னால் ஓடினேன். கேட்டுக்கு அப்பால் ரோடு செங்குத்தாக இறங்கும். முதல் வளைவுக்குக் கீழே பள்ளம்.

கார் பழங்களை நசுக்கிக்கொண்டு வந்தது. கேட்டருகில் நிற்க வேண்டிய கார் நிற்கவில்லை.

"விலகுங்க பாய், பிரேக்கு கல்லாட்டம் இருக்கு."

செல்லையா கை பிரேக்கை இழுத்தார். பின்சக்கரங்கள் தேய்ந்து இழுபட்டு, கேட்டில் இடித்து நின்றது கார். என் தொடைக்கும் பம்பருக்கும் ஒரு சாண்கூட இல்லை. "அத்தா" என்று ஜுலைகா அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. யா அல்லாஹ், கேட்டை நான் முன்னாடியே திறந்து வைத்திருந்தால் அவர் பிரேக்கை முதலில் மிதித்திருப்பது அந்த வளைவில்தான்.

நல்லவேளையாகத் தேயிலைக் கொழுந்து லாரி ஒன்று அந்தப் பக்கம் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் இருவருக்குத்தான் இடம். தாயையும் மகளையும் ஏற்றி அனுப்பினேன். அன்று மதியம் பேரன் பிறந்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

லாரி போனதும் செல்லையா பானெட்டைத் தூக்கி ஆயில் டப்பாவைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று கெட்டியாக உறைந்து கிடந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். முகர்ந்து பார்க்க எனக்கென்ன தேவை? குளிர்காலத்தில் என் கடை டின்னில் தினமும் நான் கரண்டியால் தோண்டுகிற பொருள் அது.

நான் வேலாயியைத் திரும்பிப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"எண்ணெய்தானேன்னு ஊத்துனேன். கொறையறதப் பார்த்துப் பார்த்து நீங்க பட்டினி கிடந்தீங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி கோடு வரைக்கும் ஊத்தி, சக்கரத்துல வடிஞ்சதத் துடைச்சு வச்சேன்."

"எப்ப இருந்து?" என்றார் செல்லையா.

"நீங்க சிரிச்சீங்களே, அன்னையிலருந்து."

அவர் வீட்டுக்குள் போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். தரையில் அடித்து உடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். உடைக்கட்டும் என்றும் நினைத்தேன், அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அவரோ உறைந்த எண்ணெயைக் குச்சியால் உள்ளங்கையில் எடுத்தார். இளகும்வரை இரண்டு கைகளையும் தேய்த்தார். அந்தக் கைகளோடு வேலாயியின் பறட்டைத் தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்தார்.

"இனிமே இங்க மட்டும் வையி" என்றார்.

வேலாயி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.