‘நாங்க’ என்றான் தம்பி

சர்ர்ர்... டக். மறுபடியும் சர்ர்... டக். அதைத் தொடர்ந்து ஒரு கத்தல்: “சனியன்! ஒட்ட வேண்டிய இடத்துல ஒட்டாது, கையில மட்டும் நல்லா ஒட்டும்!”

அடுத்த அறையில் தம்பி மனைவி பேக்கிங் டேப்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். சமையலறைத் தரையில் கால் மடக்கி உட்கார்ந்து, டம்ளர்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

“ஏம்மா, அதை இழுக்காத! பெட்டி மேல வச்சு உருட்டு!” என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“உருள மாட்டேங்குதே அண்ணி!”

“உன் வீட்டுக்காரன உருட்டற மாதிரி உருட்டு. தன்னால உருளும்.”

கூடத்திலிருந்து தம்பி, “லீவு நாள்ல கூட என்னை விட மாட்டீங்களா?” என்றான். அவன் மகள் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து களுக்கென்று சிரித்தாள். வீடே சிரித்தது. அந்த நாலு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி முறை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அக்கா கண்ணாடிச் சாமான் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். சேர்ந்த புதிதில் கையெல்லாம் கீறலோடு வருவாள். இப்போது அவள் கட்டிய பெட்டியைக் கப்பலில் ஏற்றினாலும் கவலையில்லை. டம்ளரைக் காகிதத்தின் மூலையில் வைத்து உருட்டி, மிஞ்சியதை வாய்க்குள் திணித்து, தலைகீழாக நிறுத்துவாள். பெட்டியை மூடியதும் காதோடு வைத்து மெல்லக் குலுக்குவாள். உள்ளே ‘கிணுங்’ என்று ஓர் ஓசை கேட்டால் போதும், மொத்தத்தையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து அடுக்குவாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாருக்காகவும் தியாகம் செய்து அல்ல. யாராவது அப்படிச் சொன்னால் அடிக்க வந்துவிடுவாள். “எனக்குப் புடிக்கல, பண்ணிக்கல. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வார்த்தை?” என்பாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, இந்த மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தவள் அவள்தான். தம்பி அப்போது மீசை அரும்பிய மாணவன். படித்தான், டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாரானான், கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். எல்லாமே இந்த இரண்டு அறைக்குள், ஒரே குழாய்த் தண்ணீரில்.

இப்போது தம்பி ஊரின் மறுகோடியில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிவிட்டான். செய்தியைக் கேட்ட அன்று அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். கம்பெனியிலிருந்து நல்ல அட்டைப் பெட்டிகளாகக் கேட்டு வாங்கி வந்து, இரண்டு வாரமாக வேலை விட்டு வந்த கையோடு உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டைக் காலி செய்யும்போதுதான் அது எத்தனை அழுக்கு என்பது தெரியும். பீரோவை நகர்த்தினால் சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம். கட்டிலுக்கடியில் மூடி தொலைந்த பேனா, பேனா தொலைந்த மூடி. இதற்கு மேலா இத்தனை நாள் தூங்கினோம் என்று அருவருப்பாக இருக்கும். ஆனால் பிடித்து உலுக்கினால்தானே தெரிகிறது? மனுஷர்களையும் அப்படிக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, அந்த டீ டம்ளரெல்லாம் தனியா, மேலா வை. நாங்க அங்க போய் இறங்கினதும் முதல்ல ஒரு டீ போட்டுக் குடிக்கணும்.”

சொல்லிவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போய்விட்டான். நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. கடித்துக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை.

அக்காவின் கையில் காகிதம் பாதி சுற்றிய டம்ளர் அப்படியே நின்றது.

நாங்க.

‘நாம’ என்றால் கேட்கிறவளும் உள்ளே. ‘நாங்க’ என்றால் கேட்கிறவள் வெளியே. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. “நாங்க டூர் போறோம்” என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால், யாரும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதில்லை. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளைப் பற்றி அழுதுகொண்டே வரும் குழந்தைகூட, “‘நாங்க விளையாடறோம்’னு சொல்லிட்டாங்க” என்றுதான் முறையிடும். பொய் சொல்லத் தெரிந்தவனுக்கும் இந்த ஒரு சொல்லில் பொய் சொல்ல வராது. வாய் அதுவாக உண்மையைக் கக்கிவிடும்.

சீ, வாய் தவறி வந்திருக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். எழுந்து கூடத்துக்குப் போனாள்.

“டேய், லாரி எப்ப வருது? நாம எப்ப கிளம்பறோம்?”

“லாரி... லாரி நாளைக்குக் காலைல வந்துடும்க்கா.” அவன் பார்வை ஜன்னலுக்குப் போனது.

“லாரிய விடு. நாம எப்ப கிளம்பறோம்?”

“அதான், லாரி வந்ததும்...” என்று இழுத்துவிட்டு, இல்லாத ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பித்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா? வண்டியை ஓட்டுவது வேறொருவர். இவன் சும்மா உட்கார்ந்து, வேண்டிய இடத்தில் மட்டும் மிதிப்பான். வீட்டிலும் அவன் அப்படித்தான்.

அக்கா உள்ளறைக்குப் போனாள். அது அவளும் தம்பி மகளும் படுக்கிற அறை.

“கண்ணு, புது வீட்டுல நம்ம கட்டிலை ஜன்னல் பக்கமாப் போடலாமா? உனக்குப் படிக்க வெளிச்சம் வேணுமே.”

பெண் நிமிரவில்லை. கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“அப்பா உங்ககிட்ட பேசிட்டேன்னாரே அத்தை.”

“என்ன பேசிட்டாராம்?”

“உங்களுக்கு கம்பெனி பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் பாத்தாச்சுன்னு... நீங்கதான் கேட்டீங்கன்னு சொன்னாரு. அலைய முடியல, ஹாஸ்டல் பாருடான்னு நீங்களே சொன்னீங்களாமே.” பேசிக்கொண்டே வந்தவள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை முட்டியது. “நீங்க சொல்லலையா அத்தை?”

அந்த நிமிஷம் அக்காவின் நெஞ்சில் எழுந்தது துக்கமாக இருந்திருந்தால் அவள் உட்கார்ந்து அழுதிருப்பாள். துக்கமே இல்லை. உள்ளங்காலிலிருந்து ஏறி உச்சந்தலைவரை கொதித்த கோபம். அதுவும் ஹாஸ்டலுக்காக அல்ல. ‘நீங்களே கேட்டீங்க’ என்ற அந்த ஒரு பொய்க்காக!

“டேய்! வாடா இங்க!”

அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. தம்பி வந்தான். டேப்பின் துண்டுகள் முழங்கைவரை ஒட்டிக்கொண்டிருக்க, அவன் மனைவியும் வந்தாள்.

“நான் எப்படா ஹாஸ்டல் கேட்டேன்?”

“அக்கா, நானே சொல்லணும்னுதான்... நேரம் பாத்துட்டு இருந்தேன்.”

“எந்த நேரம்? லாரி கிளம்பினப்புறம் ஜன்னல் வழியா தலைய நீட்டிச் சொல்லலாம்னா? ரெண்டு வாரமா உக்காந்து கட்டறேனேடா! ஒரு சாமான் விடாமக் கட்டி முடிக்கட்டும், அதுவரைக்கும் வாயத் தொறக்க வேணாம்னு இருந்தியா?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா. உனக்கும் அங்கேர்ந்து வேலைக்கு வர்றது கஷ்டம்...”

“என் கஷ்டத்த எங்கிட்ட கேட்டியா? என் வாயில நீயே வார்த்தைய வச்சு, அதைக் கொழந்தகிட்ட வேற போய்ச் சொல்லியிருக்க! ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு எத்தன நாளாடா இந்த நாடகம்? நேத்து ராத்திரி நான் போட்ட சாப்பாட்ட எப்படிறா முழுங்கின?”

பதில் அவன் மனைவியிடமிருந்து வந்தது.

“அவரத் திட்டாதீங்க அண்ணி. நான்தான் கேட்டேன்.”

அவள் கையிலிருந்த டேப்பைப் பிய்த்தபடியே பேசினாள்.

“எனக்கு ஒரு வீடு வேணும். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உங்க வீட்டுலதான் இருக்கேன். உப்பு டப்பாவ நான் வலது பக்கம் வச்சா, சாயந்திரம் அது இடது பக்கம் போயிருக்கும். ஒரு நாளாவது திட்டியிருந்தீங்கன்னா, நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எதுவுமே சொல்லாம நகத்தி வச்சுடுவீங்க. என் புள்ள பெரியவளாயிட்டா, நான் இன்னும் உப்பு டப்பாவத் தேடிட்டு இருக்கேன்!”

அக்கா அவளையே பார்த்தாள். அடி விழுந்த இடம் எரிந்தது. ஆனால் இந்த வீட்டில் அன்று பேசப்பட்ட முதல் உண்மை அதுதான்.

“இதை ஏன் என் மூஞ்சிக்கு நேரா நீ ஒரு நாளும் சொல்லல?”

“எப்படிச் சொல்றது?”

“இப்ப எப்படிச் சொன்ன? இப்படித்தான்! நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுட்டேன்? ‘அண்ணி, தனியா இருக்கணும்னு ஆசையா இருக்கு’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போயிட்டு வாடி தங்கம்னு நானே முன்னாடி நின்னு அனுப்பியிருப்பேன். அனுப்பறது வேற. தெரியாம வெட்டி விடறது வேற!”

திரும்பித் தம்பியைப் பார்த்தாள். “இவ கேட்டதுல தப்பே இல்ல. நீதான் கோழை. மூத்தவ முகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசத் தெரியல, நீ ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்ற!”

அதற்கு மேல் கைதான் பேசியது. சமையலறைக்குப் போய், காலையிலிருந்து கட்டிய பெட்டிகளின் டேப்பைக் கத்தியால் கிழித்தாள். பெரிய பாத்திரம் அவளுடையது, வெளியே வந்தது. இரண்டு தட்டு வெளியே வந்தது. அவள் தன் சம்பளத்தில் வாங்கிய குக்கர் வெளியே வந்தது. சுற்றிய காகிதங்கள் காலடியில் குவிந்தன. “அக்கா, வேணாம்க்கா” என்று தம்பி வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான். உள்ளே வரத் துணிச்சலில்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

வந்தவள் வீட்டுக்காரம்மா. சொந்தச் சுவர்களைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்க்கிறவள். குடியிருப்பவர்கள் ஓர் ஆணி அடித்தாலும் தன் மண்டையில் அடித்ததாகத் துடிப்பாள். அதனால் தெருவில் அவளுக்கு ஆணியம்மா என்று பெயர். காலி செய்வதற்கு முன் ஒரு தடவை வந்து பார்ப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

“என்ன, எல்லாம் கட்டியாச்சா? எத்தனை ஆணி அடிச்சிருக்கீங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். புடுங்கின ஓட்டையெல்லாம் நீங்கதான் அடைச்சுக் கொடுக்கணும், இப்பவே சொல்லிட்டேன்.” பேசிக்கொண்டே சுவரைத் தடவியவள், மூன்று முகங்களையும் பார்த்தாள். “ஏன் எல்லாரும் சாவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?”

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“அம்மா, அவங்க காலி பண்றாங்க. நான் பண்ணல.”

“அவங்கன்னா? நீங்க எல்லாரும் ஒண்ணுதானே?”

“அப்படித்தான் நானும் நெனச்சுட்டு இருந்தேன். இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“அக்கா!” என்றான் தம்பி.

“உங்ககிட்ட இந்த வீட்ட வாடகைக்குக் கேட்டு வந்தது நான். இப்பவும் நான்தான் கேக்கறேன். எங்க கம்பெனில ரெண்டு பொண்ணுங்க இடம் கிடைக்காம அலையறாங்க. பின்னாடி ரூம் அவங்களுக்கு. வாடகை தேதி தவறாது. அது உங்களுக்கே தெரியும்.”

வீட்டுக்காரம்மா யோசித்தாள். கண்கள் சுவருக்குப் போயின. “ஆணி?”

“இருக்கற ஆணியே போதும்மா. புதுசா ஒண்ணு அடிச்சா, அதுலயே என்னைத் தொங்க விடுங்க.”

ஆணியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையாட்டப் போனாள். அதற்குள் தம்பி குறுக்கே வந்தான்.

“அம்மா, அவசரப்படாதீங்க. அக்கா ஏதோ கோவத்துல பேசுது. நாங்க பேசி முடிவு பண்ணிட்டு உங்ககிட்ட சொல்றோம்.”

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த ‘நாங்க’வில் அவளும் இருந்தாள்! அந்நிய மனுஷி முன்னால் நிற்கும்போது மட்டும் அவளையும் இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்கிற ‘நாங்க’. அந்த அம்மா படியிறங்கினதும் மறுபடி வெளியே தள்ளிவிடுகிற ‘நாங்க’. முதலில் வெளியே நிறுத்தியதைவிட, இப்போது கேட்காமல் உள்ளே இழுத்ததுதான் தாங்க முடியவில்லை.

“பேச ஒண்ணுமில்லம்மா,” என்றாள். குரல் உயரவில்லை. “அவன் முடிவ அவன் எடுத்துட்டான். இது என் முடிவு. நீங்க சரின்னு சொல்லுங்க.”

வீட்டுக்காரம்மா அக்காவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். உள்ளே கிழிந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள். ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

“சரிம்மா. நீ இரு. வெள்ளையடிக்கற செலவு எனக்கு மிச்சம்,” என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினாள்.

யார் வந்தாலும் படிவரை போய் வழியனுப்பி வருவது தம்பியின் வழக்கம். வழக்கம்போல அவன் ஓரடி எடுத்து வைத்தான். அக்கா அவனைத் தாண்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். “பாத்து இறங்குங்கம்மா” என்றாள். அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போகும்வரை நின்றிருந்துவிட்டு, பின்னால் நின்றவர்களில் யாரையும் திரும்பிப் பாராமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.